ப்ரோ வெர்செல்லிக்கு சரித்திரம் இல்லைன்னு சொல்லாதீங்க

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன், ராத்திரி முழிச்சு இத்தாலியோட டாப் ஃபுட்பால் லீக் சீரி ஏ பாக்குற ஆளு, போன வாரம் டீ குடிக்கும்போது சொல்றான், அண்ணே பெரிய டீமா பத்து வச்சுக்கிட்டு மத்தத தூக்கிரலாம்ணே, சரித்திரமே இல்லாத டீம் ஆடுறத யாரு பாக்குறான்னு. இத்தாலில ப்ரோ வெர்செல்லின்னு ஒரு பழைய கிளப், கேள்விப்பட்டிருக்கியாடான்னு கேட்டேன், இல்லைன்னான். அவனுக்காகத்தான் இத எழுதுறேன்.

வெர்செல்லி, டூரினுக்கும் மிலனுக்கும் நடுவுல இருக்கிற ஊரு. சுத்தி நெல்லு வயக்காடு, இத்தாலிக்காரங்க ரிசொட்டோ செய்யிற அரிசி விளையிற இடம். இன்னைக்கும் ஜனத்தொகை ஐம்பதாயிரத்த தொடாது. அங்க 1892-ல ஆரம்பிச்ச ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துல 1903-ல மர்செல்லோ பெர்தினெத்திங்கிறவர் ஃபுட்பாலுக்கு ஒரு பிரிவு தொடங்குறாரு, அவர் வாள்சண்டைக்காரர், பின்னாடி ஒலிம்பிக் தங்கமே வாங்குனவரு. அஞ்சே வருஷத்துல இத்தாலி சாம்பியன். 1908, 1909, 1911, 1912, 1913, 1921, 1922, மொத்தம் ஏழு. இன்னைக்குப் பெரிய கிளப்பா இருக்கிற ரோமா 3, லாசியோ 2, ஃபியோரெண்டினா 2 டைட்டில், இந்த மூணையும் கூட்டுனாத்தான் இந்த ஒரு ஊருக்கு சமம்.

1913 மே 1, பெல்ஜியத்தோட மேட்ச், இத்தாலி டீம்ல இறங்குன பதினோரு பேர்ல ஒம்பது பேர் வெர்செல்லி. ஜெயிச்சது 1-0, அந்த ஒரு கோல் அடிச்ச குய்தோ ஆராவும் வெர்செல்லிதான்.

நடுவுல 1910 விட்டுப்போச்சேன்னு பாத்தீங்களா, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. மிலன் ஊரு கிளப் இன்டரும் இவங்களும் சம பாயிண்ட், டைட்டிலுக்கு ஒரே ஒரு மேட்ச். வெர்செல்லி ஆளுங்க சிலர் ராணுவப் போட்டில ஆட வேண்டியிருந்துச்சு, தேதிய மாத்துங்கன்னு கேட்டாங்க, மாத்தல. சரின்னு எதிர்ப்புக் காட்ட பள்ளிக்கூடம் போற வயசுப் பசங்கள கிளப்போட வெள்ளைச் சட்டையப் போட்டு இறக்கி விட்டுட்டாங்க, எதிர்ல இன்டரோட வளந்த ஆம்பளைங்க. 10-3. இன்டரோட முதல் டைட்டில் அப்படி வந்ததுதான். வீம்புக்குப் பண்ணதுன்னு சொல்லுவாங்க, நான் வெர்செல்லி பக்கம்தான். அந்தப் பசங்க மூணு கோல் போட்டிருக்காங்க பாருங்க, நினைச்சா இப்பவும் புல்லரிக்குது.

அப்புறம் எப்படி விழுந்தாங்க? ஆட்டம் மறந்து போகல, காசுதான். 1923-ல ஃபியட் குடும்பத்து எதுவார்தோ அன்யெல்லி டூரின் கிளப் யுவெண்டஸுக்கு தலைவரா வராரு, அதே வருஷம் வெர்செல்லியோட டிஃபெண்டர் வீர்ஜினியோ ரொசெத்தாவ பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போறாங்க, அன்னைக்கு ரூல்படி காசுக்கு ஆடுறதே தப்பு, பெரிய பஞ்சாயத்தாகி யுவெண்டஸுக்கு பாயிண்ட்கூட வெட்டுனாங்க. ஆனா ரொசெத்தா திரும்பி வரல. பியோலாவும் அதே மாதிரிதான், 16 வயசுல இங்க ஆட ஆரம்பிச்ச பையன், 1934-ல லாசியோ போயிட்டாரு, 1938 உலகக் கோப்பை ஃபைனல்ல ரெண்டு கோல், சீரி ஏ-ல 274 கோல், அந்த ரெக்கார்ட இன்னைக்கு வரைக்கும் யாரும் தொடல. அவர் போன அடுத்த வருஷமே வெர்செல்லி சீரி ஏ-ல இருந்து இறங்குச்சு, திரும்ப ஏறவே இல்ல. 1941-ல அதுக்குக் கீழ இருந்த சீரி பி-யும் போச்சு. 2010-ல கிளப்பே கடன்ல மூழ்கி, ஊர்ல இருந்த இன்னொரு டீம் பேரையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்துக்கிட்டு நடத்துச்சு, 2012-ல, ரொம்ப வருஷம் கழிச்சு, சீரி பி-க்கு வந்தாங்க.

ஆள வாங்குனதக்கூட நான் பெருசா குத்தம் சொல்லமாட்டேன், ஜெயிக்கணும்னா எல்லாரும் பண்றதுதான். எனக்கு ஆத்திரம் எங்கன்னா, அதே எதுவார்தோவோட பேரன் ஆந்த்ரேயா அன்யெல்லி, அப்ப யுவெண்டஸ் தலைவர், 2020-ல அட்லாண்டாங்கிற இன்னொரு இத்தாலி கிளப்பப் பாத்து, சர்வதேச சரித்திரம் இல்லாத டீம் ஐரோப்பாவோட பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்ல ஆடுறது சரியான்னு கேக்குறாரு. அடுத்த வருஷமே சூப்பர் லீக்னு பெரிய கிளப்புங்க சேந்து தனி லீக் தொடங்கப் பாத்தாங்க, எப்படி ஆடுனாலும் வெளிய போகாத நிரந்தர இடம் வேணுமாம். தாத்தா காலத்துல ஆள எடுத்துட்டுப் போனாங்க, பேரன் காலத்துல கதவையே சாத்தப் பாத்தாங்க. 1903-ல யாராவது இப்படி சாத்தியிருந்தா இந்த ஏழுல ஒண்ணாவது வந்திருக்குமா? ஜெயிச்சா மேல, தோத்தா கீழ, அது ஒண்ணுதான் இந்த மாதிரி ஊருக்கு இருக்கிற ஒரே வழி, அதையும் எடுத்துட்டா அப்புறம் என்ன லீக் அது.

2018-ல மறுபடி சீரி சி-க்கு இறங்குனாங்க. அந்த சீசன் அவங்க குரூப்லயே இருந்தது யாரு தெரியுமா, யுவெண்டஸோட அண்டர் 23 டீம். ஏழு தடவ சாம்பியன் ஆன கிளப் அந்தப் பசங்களோட பாயிண்டுக்கு மல்லுக்கட்டுச்சு. சட்டை மட்டும் இன்னமும் அதே வெள்ளைதான். தம்பி, அடுத்து அவங்க மேட்ச் எங்கயாவது ஓடுச்சுன்னா கூப்பிடுறேன், வந்து பக்கத்துல உக்காந்து பாரு.