மணற்கல் தளத்துக்கு ஐந்து கலவை உருண்டைகள் போதுமா?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் ராஜஸ்தான் மணற்கல் பதிப்போருக்கென ஒரு செய்தி பகிரப்படுகிறது: கற்பலகையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஐந்து சிமெண்ட்-மணல் கலவை உருண்டைகள் வைத்தால் போதுமாம், இடைவெளி வழியே நீர் வடிந்துவிடுமாம்.

இது தவறு. அந்த இடைவெளிகளில் நீர் தேங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிவதால் பலகைகள் பெயர்ந்து ஆடத் தொடங்கும். அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் கனமான பூந்தொட்டியை வைத்தாலே கல் விரிசல் விடக்கூடும். மணற்கல் ஈரம் உறிஞ்சும் கல் என்பதால், உருண்டைகள் இருக்கும் இடம் ஐந்து கறைகளாக மேற்பரப்பிலேயே தெரியும் என்பதும், அக்கறையை எளிதில் கழுவி நீக்க முடியாது என்பதும்தான் மிகவும் வருத்தத்துக்குரியவை.

நன்கு இறுக்கிய சரளை அடித்தளத்தின் மீது இடைவெளியின்றிக் கலவையைப் பரப்பி, பலகையின் அடிப்பக்கம் முழுவதும் ஒட்டுக்கூழ் (கல்லைக் கலவையோடு பிணைக்கும் பூச்சு) பூசி, வீட்டுச் சுவரிலிருந்து விலகி நீர் ஓடுமாறு ஏறத்தாழ 80-க்கு 1 என்ற சரிவில் பதிக்க வேண்டும். தளத்தின் மேல்மட்டம் சுவரின் ஈரத்தடுப்புப் படலத்துக்கு (நிலத்து ஈரம் சுவரில் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு) குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். தளம் பதித்தலுக்கான பி.எஸ். 7533 என்ற பிரிட்டிஷ் தரநிலைத் தொடரிலும், கல் விற்பனையாளர்கள் தரும் பதிப்புக் குறிப்புகளிலும் இவற்றைச் சரிபார்க்கலாம்.

அச்செய்தியை இனிப் பகிர வேண்டாம். ஏற்கெனவே அவ்வாறு பதித்தவர்கள் பலகைகளை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். வெற்றொலி எழுப்புபவற்றை எடுத்து, இடைவெளியின்றிப் பரப்பிய கலவையில் மீண்டும் பதிப்பது நல்லது.