சார்லஸ் பைர்ன் தன் உடலை விற்கவில்லை

“ஐரிஷ் ராட்சதன் சார்லஸ் பைர்ன் காசுக்காகத் தன் உடலை டாக்டருக்கு எழுதிக்கொடுத்தார், அதனால்தான் எலும்புக்கூடு லண்டன் மியூசியத்தில் இருந்தது” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் தன் உடலைக் குறிவைக்கிறார் என்று பைர்ன் பயந்தார். செத்த பிறகு ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடுங்கள் என்று நண்பர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். 1783இல், வெறும் 22 வயதில் இறந்தார். கடலுக்குக் கொண்டுபோகும் வழியில் பணம் கைமாறி, உடல் ஹண்டரிடம் போய்ச் சேர்ந்தது. ஹண்டர் அதை வேகவைத்து எலும்பைப் பிரித்தெடுத்தார். ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹண்டரின் ஓவியத்தில், மேல் மூலையில் தொங்கும் நீண்ட கால் எலும்புகளைப் பாருங்கள். அவை பைர்னுடையவை.

பைர்ன் தன் உயரத்தை மக்களுக்குக் காட்டிப் பிழைத்தவர். உயரம் 8 அடி 4 அங்குலம் என்பது அந்தக் காட்சிகளின் விளம்பரக் கணக்கு. எலும்புக்கூட்டின் அளவு சுமார் 7 அடி 7 அங்குலம்.

அவ்வளவு உயரத்துக்குக் காரணம் “சாபம்” என்று ஒருவர் சொல்வதும் வேண்டாமே. 1909இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மண்டையோட்டைத் திறந்து, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி பெரிதாகியிருந்ததைக் கண்டார். 2011இல் பல்லிலிருந்து எடுத்த டிஎன்ஏ-வில், அந்தச் சுரப்பியில் கட்டி வரக் காரணமாகும் ஏஐபி (AIP) என்ற மரபணுவின் மாற்றம் தெரிந்தது. அதே மாற்றம் வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் உண்டு.

அப்புறம், 2023இல் எலும்புக்கூடு இருந்த அந்த லண்டன் மியூசியம், ஹண்டேரியன், மறுபடி திறந்தபோது எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கென்று இன்னும் வைத்திருக்கிறார்கள். அவர் கேட்ட கடல் அடக்கம் நடக்கவே இல்லை. பதிவைத் தயவுசெய்து திருத்துங்கள்.