கிராமத்தில் சர்க்கரை நோய் இல்லையா?

வயக்காட்டில் உழைப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வராது, அது மதுரை டவுன்காரர்களுக்கு வருவது என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். டவுனில் கூடுதல் என்பது சரிதான் அண்ணே. கிராமத்தில் வராது என்பதுதான் சரியல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இன்டியாப்' ஆய்வு, நாடு முழுக்க 1.13 லட்சம் பேரைச் சோதித்தது. 2023-இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு நகரத்தில் 16.4 பேர், கிராமத்தில் 8.9 பேருக்குச் சர்க்கரை. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில், அதாவது அளவு கூடியும் இன்னும் நோய் ஆகாத நிலையில், இருப்பவர்களைப் பாருங்கள்: நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2. வித்தியாசமே இல்லை. எனக்குக் கவலை தருவது இதுதான்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அத்தை விடியுமுன் மல்லி பறிக்கப் போகிறவர், ஒல்லியான உடம்பு. போன வருஷம் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 260, ரொம்பக் கூடுதல். அத்தை நம்பவே இல்லை, மறுநாளும் பார்க்கச் சொன்னார்.

சரிபார்க்க வேண்டுமானால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் தமிழ்நாட்டுத் தகவல் தாளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ரத்தச் சர்க்கரைப் பகுதியில் நகரம், கிராமம் தனித்தனியாகவே இருக்கும். அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் சோதிக்கிறார்கள். ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே.