ரகசியமா வச்சுக்கறேன்னு மட்டும் சொல்லிராத

நேத்து ராத்திரி ஊர்ல இருந்து சித்தி பொண்ணு போன் பண்ணினா, அவ சர்ச்ல இந்த வருஷம் விபிஎஸ் (பிள்ளைங்களுக்கு லீவுல நடத்தற வேதாகமப் பள்ளி) பொறுப்ப அவகிட்ட குடுத்திருக்காங்களாம், "அக்கா நீங்க அங்க சேஃப்கார்டிங்ல தானே இருக்கீங்க, என்னதான் பண்ணுவீங்க அதுல"ன்னு கேட்டா. போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மீதிய இங்க எழுதறேன்.

நான் லண்டன்ல சர்ச் ஆஃப் இங்கிலாந்து சபை ஒண்ணுல பேரிஷ் சேஃப்கார்டிங் ஆபீசர், அதாவது சபைக்கு வர்ற பிள்ளைங்களுக்கும் பலவீனமானவங்களுக்கும் கெடுதல் நடக்காம பாத்துக்கறவ. சம்பளம் கிடையாது, சபை கமிட்டி நியமிக்கற பொறுப்பு. பாதி வேலை பேப்பர் வேலைதான், சண்டே ஸ்கூல் டீச்சர்ல யாருக்கு டிபிஎஸ் செக் (பழைய குற்றம் ஏதும் இருக்கான்னு பாக்கறது) மூணு வருஷம் முடியுது, யாரு டிரெய்னிங் பாக்கி வச்சிருக்காங்க, இப்படி. எங்க ஹால வாடகைக்கு எடுக்கற தமிழ் சபைக்காரங்ககிட்டயும் பிள்ளைங்க பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு வச்சிருக்கீங்கன்னு கேப்பேன், அப்ப "நம்மாளு நீயே இப்படி கேக்கலாமாம்மா"ன்னு வருத்தப்படுவாங்க.

இந்த "நம்மாளு"தான் எனக்கு பயமே.

ஜான் ஸ்மைத் கதை தெரியாதவங்களுக்கு சொல்றேன். பெரிய வக்கீல், பக்திமான்னு பேரு, பணக்கார ஸ்கூல் பசங்களுக்கு நடக்கற கிறிஸ்தவ கேம்ப்ல தலைவரு. பசங்கள வீட்டுத் தோட்டத்து ஷெட்டுக்கு கூட்டிட்டுப் போயி ரத்தம் வர்ற வரைக்கும் பிரம்பால அடிச்சிருக்கான், அதுக்கும் பாவம், மனந்திரும்புதல்னு வேதத்தையே காரணம் சொல்லியிருக்கான். 1982லயே உள்ளுக்குள்ள விசாரிச்சு ரிப்போர்ட் எழுதிட்டாங்க. ஆனா யாரும் போலீசுக்கு போகல, வெளிய தெரிஞ்சா ஊழியத்துக்கு கெட்ட பேருன்னு நினைச்சாங்க. அவன் 1984ல ஜிம்பாப்வே போயி அங்கயும் கேம்ப் நடத்தி அங்க உள்ள பசங்களயும் அடிச்சான். 2018ல கேப்டவுன்ல செத்துப்போனான், ஒரு நாள் கூட தண்டனை அனுபவிக்காம. 2024 நவம்பர்ல இத பத்தின மேக்கின் விசாரணை அறிக்கை வந்துச்சு, பாதிக்கப்பட்டவங்க நூறு பேருக்கு மேல, சில நாள்லயே அப்ப கேன்டர்பரி பேராயரா, அதாவது சர்ச் ஆஃப் இங்கிலாந்தோட தலைமை பிஷப்பா இருந்த ஜஸ்டின் வெல்பி ராஜினாமா பண்றதா அறிவிச்சாரு.

அந்த 1982 ஆளுங்க எல்லாரும் ராட்சசங்க இல்ல, ஜெபம் பண்றவங்க, நல்ல குடும்பஸ்தங்க. அவங்க முன்னாடி இருந்தது அவங்க நண்பன், அதான் கை போகல. அதனாலதான் சொல்றேன், இந்த வேலைய சபைக்கு வெளிய இருக்கற ஆளுங்க கையில குடுக்கணும். 2025 பிப்ரவரி சினட்ல (சர்ச் ஆஃப் இங்கிலாந்தோட பொதுச் சபைக் கூட்டம்) அந்த யோசனை வந்துச்சு, எல்லா சேஃப்கார்டிங் ஊழியர்களையும் தனி அமைப்புக்கு மாத்தறது. அத உடனே ஏத்துக்கல, தேசிய அளவு ஆளுங்கள மட்டும் மாத்தலாம், மறைமாவட்ட ஆளுங்க பிஷப் கீழயே இருக்கட்டும், மீதிய பிறகு ஆராயலாம்னு முடிச்சாங்க. அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல. பிஷப் மேலயே புகார் வந்தா அவர் கீழ வேலை பாக்கறவங்க என்ன பண்ணுவாங்க?

ஒரு நாள் ஆராதனை முடிஞ்சு டீ கப்பு கழுவிட்டு இருக்கேன், ஒரு அம்மா பக்கத்துல வந்து துணி எடுத்து தொடைக்க ஆரம்பிச்சாங்க (அடையாளம் தெரியாதபடி மாத்திதான் எழுதறேன்). கொஞ்ச நேரம் கழிச்சு "ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லக்கூடாது"ன்னாங்க. அந்த நிமிஷம்தான் இந்த வேலையிலயே கஷ்டம். சரின்னு சொல்ல வாய் வருது, ஆனா சொல்லக்கூடாது. "சில விஷயத்த நான் சொல்லியே ஆகணும்மா, ஆனா யார்கிட்ட சொல்றேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுதான் சொல்வேன்"னேன். அவங்க கப்ப வச்சிட்டு வெளிய போயிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வந்தாங்க, சின்ன வயசுல நடந்தத சொன்னாங்க. நான் தோண்டித் தோண்டி கேக்கல, அவங்க வார்த்தைய அப்படியே எழுதி அன்னைக்கே மறைமாவட்ட ஆபீசுக்கு அனுப்பிட்டேன். விசாரிக்கறது என் வேலை இல்ல. எங்க ஐயரு (சபை பாதிரியார்) நல்லவருதான், "அவங்க குற்றம் சொன்ன ஆள்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா"ன்னாரு, வேண்டாம்னு சொன்னேன், அவரு கேட்டுக்கிட்டாரு. ஆனா சபையில நாலஞ்சு பேரு இன்னைக்கு வரைக்கும் என் முகத்த பாத்து பேசறதில்ல. மன்னிக்கத் தெரியாதவளாம், அபிஷேகம் பண்ணப்பட்டவங்க மேல கை வைக்கறவளாம். மன்னிக்கறதா வேண்டாமான்னு அந்த அம்மா முடிவு பண்ணட்டும், அவங்க சார்பா நீங்க ஏன் மன்னிக்கறீங்க?

நம்ம ஊர்ல, இந்தியாவுல, சட்டம் இன்னும் தெளிவா இருக்கு. 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவு, குழந்தை மேல பாலியல் குற்றம்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் போலீசுக்கு சொல்லணும், மறைச்சா 21வது பிரிவுப்படி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ஒரு நிறுவனத்தோட பொறுப்புல இருக்கறவங்க தனக்குக் கீழ உள்ளவங்க செஞ்சத மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். கமிட்டி கூட்டி பேசி ஐயரு சமாதானம் பண்ணி வைக்கற விஷயம் இல்ல இது. தங்கச்சிகிட்ட இதத்தான் முதல்ல சொன்னேன். தனியா ஒருத்தர் பிள்ளைங்கள ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போகக்கூடாது, ரெண்டு பேரு, கதவு திறந்து இருக்கணும். பிள்ளைங்க உதவி கேக்கற சைல்டுலைன் 1098 நம்பர பெருசா எழுதி பிள்ளைங்க கண்ணு படற உயரத்துல ஒட்டு, பெரியவங்க உயரத்துல இல்ல.

"ஐயர்கிட்ட கேட்டுட்டு ஒட்டறேன்கா"ன்னா. ஒட்டிட்டு சொல்லுன்னேன்.