சீசன் முடியவில்லை, பைனாக்குலரை உள்ளே வைக்காதீர்கள்

ஆகஸ்ட், செப்டம்பரில் வலசை வரும் முதல் சாம்பல் வாலாட்டி ஊருக்குள் இறங்கிய அன்றே பறவை பார்ப்பவர்களின் குழுக்கள் களைகட்டிவிடும். பங்குனி பிறந்ததும் அதே குழுக்கள் ஓய்ந்துவிடுகின்றன. வெயில் ஏறிவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. மார்ச் நடுவில் தொடங்கி மே முதல் வாரம் வரையிலான நாட்கள்தான் தமிழ்நாட்டில் வலசையை, அதாவது பறவைகளின் பருவகால இடப்பெயர்வைப் பற்றி நாம் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய மிச்சமிருக்கும் காலம். பறவைகள் எப்போது வருகின்றன என்பதை ஆர்வமாக எழுதுகிறோம். எப்போது கிளம்புகின்றன என்பதை எழுத ஆள் குறைவு.

இதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. வந்த பறவையைப் பார்த்த அன்றே எழுதிவிடலாம். போகிற பறவை விஷயத்தில் அது முடியாது. ஏப்ரல் 18 அன்று உங்கள் தெருமுனை வேலியில் பழுப்புக் கீச்சானைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அதுதான் இந்த ஆண்டின் கடைசிக் கீச்சான் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 20, 23, 27 தேதிகளிலும் அதே வேலியோரம், அதே நேரத்தில் போய் நின்று, கீச்சான் இல்லை என்று ஆன பிறகுதான் 18 என்ற தேதிக்கு மதிப்பு வருகிறது. கீச்சான் இல்லாத அந்த மூன்று நாள் பறவைப் பட்டியல்களும் கீச்சான் இருந்த பட்டியலுக்குச் சமமானவை. காக்கையும் மைனாவும் மட்டுமே கிடைத்தன என்று அவற்றைப் பதிவேற்றாமல் விட்டால் கடைசித் தேதி அந்தரத்தில் நிற்கும்.

2007இல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம் வலசைப் பறவைகளை முதலில் பார்த்த நாளோடு கடைசியாகப் பார்த்த நாளையும் கேட்டது. இன்று அந்த வேலையை இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் செய்யலாம். ஆனால் முழுப் பட்டியலாகத் தர வேண்டும். அதாவது, பார்த்தும் கேட்டும் அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் விடாமல் எழுதி, முழுப் பட்டியலா என்ற கேள்விக்கு ‘ஆம்’ கொடுக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம் பாருங்கள். நடந்து பார்த்தால் தூரத்தைச் சரியாகக் குறியுங்கள்; போன வழியிலேயே திரும்பி வந்தால் ஒருவழித் தூரம் மட்டும் போதும். நான்கு பேர் சேர்ந்து போனால் ஒருவர் எழுதி மற்றவர்களுக்குப் பகிரட்டும். ஆளுக்கொரு பட்டியல் தனித்தனியாகப் போட்டால் 40 நீலச்சிறகிகள் 160 ஆகத் தெரியும்.

எண்ணிக்கைக்குப் பதிலாக ‘எக்ஸ்’ போடும் பழக்கத்தை இந்த இரண்டு மாதமாவது விட்டுவிடுங்கள். புறப்பாடு எண்ணிக்கையில்தான் தெரியும்: 300, 120, 35, 4, பிறகு ஒன்றுமில்லை. ‘எக்ஸ்’ போட்டால் 300க்கும் 4க்கும் வித்தியாசமே தெரியாது. சோளப்பட்சிக் கூட்டம் மாலையில் அடையப் போகும்போது, முதலில் 50 பறவைகளை எண்ணி அந்த அளவு கண்ணுக்குப் பழகட்டும். பிறகு கூட்டத்தில் அப்படி எத்தனை பகுதிகள் என்று பாருங்கள். உத்தேசக் கணக்குதான் என்றாலும் அது கணக்கு.

ஏரிப் பறவைகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றுபவை. மார்ச் இறுதியில் ஊசிவால் வாத்துகள் காணாமல் போனால் அவை வடக்கே போய்விட்டனவா, தண்ணீர் இருக்கும் பக்கத்து ஏரிக்குப் போய்விட்டனவா? பட்டியலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. குறிப்புப் பகுதியில் ஒரே ஒரு வரி சேருங்கள்: “தண்ணீர் கால்வாசி, மேற்குக் கரையோரம் சேறு.” முடிந்தால் அன்றே பக்கத்தில் உள்ள இன்னொரு ஏரியையும் பாருங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் அர்த்தம் இழந்த பட்டியல்கள் ஏராளம்.

இனி, இந்தக் காலத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம். கரைப்பறவைகளை அடையாளம் காணத் தவிக்கும் புதியவர்களுக்கு ஏப்ரலைப் போல நல்ல மாதம் கிடையாது. குளிர்காலம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றுபோல் நின்றவை இப்போது நிறம் மாறுகின்றன. வளைமூக்கு உள்ளானின் அடிப்பாகம் செங்கல் நிறமாகும். கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் சிவக்கும். பசிபிக் பொன் உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு இறங்கும். அண்மையில் இரண்டு இனங்களாகப் பிரிக்கப்பட்ட சிறிய மணல் உப்புக்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அது திபெத்தியமா சைபீரியமா என்று சொல்வது மிகக் கடினம். ஏப்ரலில், முழு நிறம் வந்த ஆணின் நெற்றி கறுப்பாக இருந்தால் திபெத்தியம். நெற்றியில் வெள்ளையும், வெள்ளைத் தொண்டைக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடும் இருந்தால் சைபீரியம். கோடியக்கரையிலோ பழவேற்காட்டிலோ நிற்பவர்கள் இதை ஒரு படம் எடுத்துப் போட்டால் எவ்வளவு பயன்!

மஞ்சள் வாலாட்டியும் அப்படித்தான். ஆணின் தலை நிறம் தெளிவாகும் காலம் இது. வெளிர்நீலச் சாம்பல் தலையும் வெள்ளைப் புருவமும் ஒரு துணையினம், புருவமே இல்லாத அடர்சாம்பல் தலை இன்னொன்று, முழுக்கறுப்புத் தலை வேறொன்று. வெறுமனே ‘மஞ்சள் வாலாட்டி’ என்று எழுதாமல் தலையைப் பார்த்து எழுதுங்கள்.

நிறத்தைக் குறிப்பதில் வேறொரு பயனும் உண்டு. மே, ஜூனிலும் சில கரைப்பறவைகள் இங்கேயே நிற்கும். பெரும்பாலும் அவை இனப்பெருக்க வயது வராத இளம் பறவைகள். குளிர்கால நிறத்திலேயே இருக்கும், அந்த ஆண்டு வடக்கே போகாது. ஜூனில் பார்த்த பச்சைக்காலியை ‘தாமதமாகக் கிளம்பியது’ என்று எழுதிவிடாதீர்கள். நிறம் எழுதியிருந்தால் குழப்பமே வராது.

சீசனின் கடைசியில் சில இனங்களை இ-பேர்டு ‘அரிது’ என்று காட்டி விவரம் கேட்கும். அங்கே “நன்றாகப் பார்த்தேன்” என்று எழுதுவதால் பயனில்லை. எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், என்னென்ன அடையாளங்கள், ஏன் மற்ற இனம் இல்லை என்று நான்கு வரி எழுதுங்கள். சரிபார்ப்பவர்களும் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தான். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி காட்டியது என்பது ஆதாரமாகாது. கிளம்பும் முன் பிளைத் நாணல் கதிர்க்குருவி புதருக்குள்ளிருந்து மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் கலந்து பாடும். செயலி அதில் ஏமாறலாம்.

வாட்ஸ்அப்பில் பகிர்பவர்களுக்கு: படத்தை அங்கே அனுப்பும்போது அதனுள் இருக்கும் தேதி, இட விவரங்கள் அழிந்துவிடும். படத்தின் கீழே தேதி, நேரம், ஊர், ஏரியின் பெயர், எண்ணிக்கை ஐந்தையும் தட்டச்சு செய்யுங்கள். ‘இன்று காலை’ என்று எழுதினால் மூன்றாவது குழுவுக்குப் போகும்போது அது வேறு நாளாகியிருக்கும்.

நேரம் முக்கியம். விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை பாருங்கள். அதன்பின் ஏரிப்படுகையில் கானல் எழும்பி, எவ்வளவு நல்ல தொலைநோக்கியிலும் கால் நிறம் தெரியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

ஆறுமணிக் குருவி இந்த வாரங்களில் இரவில் பயணம் செய்யும். விடிகாலையில் கண்ணாடிச் சன்னலில் மோதி விழுந்து கிடப்பது உண்டு. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதை மெதுவாக உள்ளே விட்டு, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்து நிமிர்ந்து நின்றால் மரமடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்தத் தேதியையும் மறக்காமல் பதிவு செய்யுங்கள்.

கடைசி வாத்தைத் தேடி வறண்ட படுகைக்குள் இறங்காதீர்கள். ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் இதே மாதங்களில் வெறுந்தரையில் முட்டையிடும். தாயை ஐந்து நிமிடம் விரட்டிவைத்தாலே ஏப்ரல் வெயிலில் முட்டை கெட்டுப்போகலாம். கரைமேலேயே நடங்கள். தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றினால் வந்த வழியே திரும்புங்கள்.