அல்ப்ஸில் முதலாவது இடம் எது? என் வாக்கு வெங்கனுக்கு

நவம்பர் பிறந்தால் எங்கள் வேலையிடத்தில் இந்தக் கதை தொடங்கிவிடும். அல்ப்ஸ் மலைகளில் ஸ்கீ (பனிச்சறுக்கு) ஓட முதலாவது இடம் எது? பிரான்ஸிலிருந்து வரும் நண்பர் வால் தொரான்ஸ் என்பார். ஒஸ்திரியாக்காரர் சங்க்ட் அன்டனை விட்டுக்கொடுக்க மாட்டார். சுவிஸ்காரர் இரண்டு பேர் செர்மாட் என்று மேசையில் தட்டுவார்கள். இந்த முறை நானும் வாய் திறந்து, சுவிஸில் உள்ள வெங்கன் என்ற மலை ஊரின் பெயரைச் சொன்னேன். மத்தியான இடைவேளை போதவில்லை, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சறுக்குப் பாதைகளின் நீளத்துக்குச் சொல்லும் இந்தக் கிலோமீற்றர் கணக்கு. வால் தொரான்ஸ், மெரிபெல், கூர்ஷெவெல் எல்லாம் சேர்ந்த, பிரான்ஸின் மூன்று பள்ளத்தாக்குகள் என்ற பகுதியில் 600 கிலோமீற்றர் என்கிறார்கள். இத்தாலியின் டோலமைற் மலைகளில் ஒரே ரிக்கெட்டுக்கு 1,200 கிலோமீற்றர். ஆனால் அது பன்னிரண்டு தனித்தனிப் பகுதிகளின் கூட்டுத்தொகை, எல்லாவற்றுக்கும் ஸ்கீயிலேயே போய்விட முடியாது. 2013இல் கிறிஸ்டோஃப் ஷ்ராஹே என்ற ஜேர்மன் ஆலோசகர் பெரிய இடங்களின் சறுக்குப் பாதைகளை அளந்து பார்த்தார். சுவிஸில் வெர்பியே ஊர் இருக்கும் நான்கு பள்ளத்தாக்குகள் என்ற பகுதி 412 கிலோமீற்றர் என்று விளம்பரம் செய்திருந்தது. அவர் அளந்தபோது வந்தது 164. ஸ்கீ ஓடுபவர் நேராக இறங்குவதில்லை, வளைந்து வளைந்து இறங்குகிறார், அந்த வளைவுகளின் நீளத்தையும் சேர்த்தோம் என்பதுதான் இந்த மாதிரிக் கணக்குகளுக்குச் சொல்லப்பட்ட விளக்கம். எனக்கு இது மனதை உறுத்துகிறது. வருடம் முழுக்கச் சேர்த்த காசோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு உள்ள நீளத்தை உள்ளபடி சொல்ல வேண்டாமா? சரி, உண்மையிலேயே 600 இருந்தாலும், நாலு நாளில் யார் அதை ஓடி முடிப்பது?

உயரம் என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. வால் தொரான்ஸ் 2,300 மீற்றரில் இருக்கிறது, ஐரோப்பாவிலேயே உயரமான ஸ்கீ ஊர் அதுதான். செர்மாட்டில் கேபிள் கார் 3,883 மீற்றர் வரை ஏறும், பனியாற்றின் மேல் கோடையிலும் ஓடலாம். குளிர்காலம் வருடத்துக்கு வருடம் சூடாகிக்கொண்டு போகும்போது இது சின்ன விஷயமில்லை. ஆனால் வால் தொரான்ஸ் 1970களின் தொடக்கத்தில் ஸ்கீக்காகவே கட்டியெழுப்பிய இடம். பனி உண்டு, ஓடலாம், படுக்கலாம். ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செர்மாட் அப்படியில்லை. அது நல்ல பழைய ஊர், மற்றர்ஹோர்ன் மாதிரி ஒரு மலையை வேறு எங்கும் பார்க்க முடியாது. ஒரு குடும்பத்துக்கு அங்கே ஆகும் செலவுதான் என்னைத் தடுக்கிறது.

சங்க்ட் அன்டன் மேல் எனக்குத் தனி மரியாதை. அது இருக்கும் ஆர்ல்பெர்க் பகுதியின் ஸ்கீ கழகம் 1901இல் தொடங்கியது. ஸ்கீயை ஒழுங்குமுறையாகக் கற்றுக்கொடுக்கும் வழியை வகுத்த ஹன்னஸ் ஷ்னைடர் அங்கேதான் பள்ளி நடத்தினார். 1938இல் நாஜிகள் ஒஸ்திரியாவைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள், அடுத்த வருடம் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். இன்று உலகத்தில் எந்த மூலையிலும் ஒரு பிள்ளை ஸ்கீ வகுப்பில் நிற்கிறது என்றால் அதில் அவருடைய பங்கு இருக்கிறது. ஆனால் அந்த மலை நன்றாக ஓடத் தெரிந்தவர்களின் மலை. முப்பத்தெட்டு வயதில் மகளோடு சேர்ந்து பழகிய என்னைப் போன்றவருக்கு அங்கே பின்னேரம் நாலு மணிக்குக் கடைசி இறக்கத்தில் இறங்குவது பெரிய சோதனை. பனி கட்டி கட்டியாகக் குவிந்திருக்கும், நாலா பக்கமும் ஆட்கள் வேகமாக வருவார்கள், கால் இரண்டும் நடுங்கும்.

இனி வெங்கன்.

காரில் அங்கே போக முடியாது. லவுட்டர்புரூனனில் இறங்கி, 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும். காலை ரயிலில் ஒருமுறை இருந்து பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகள், ஹொட்டேலில் வேலைக்குப் போகிறவர்கள், பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஒரு அம்மா, நடுவிலே ஸ்கீயோடு நாங்கள். ரயில் மரங்களுக்குள்ளால் வளைந்து மேலே வரும்போது எதிர்ப்பக்கம் செங்குத்தான பாறைச் சுவர் தெரியும், அதன் தலையில் மியூரன் ஊர். வெங்கனில் இறங்கினால் வாகன இரைச்சல் இல்லை. சின்ன மின்சார வண்டிகள் பயணப் பெட்டிகளை ஏற்றிப் போகும், ஸ்கீ சப்பாத்துகள் பனியில் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்கும். பழகுகிறவர்களுக்கான சரிவு ஊரின் நடுவிலேயே இருக்கிறது. என் மகள் முதன்முதல் விழாமல் நின்றது அங்கேதான். வேலி ஓரம் நாயோடு நின்ற ஒரு கிழவர் கை தட்டினார்.

அந்தச் சரிவிலிருந்து கொஞ்சத் தூரத்தில் 1930 முதல் நடக்கும் லவுபர்ஹோர்ன் பந்தயம் முடிகிறது. உலகக் கோப்பையில் மிக நீண்ட இறக்கப் பந்தயம் இது, கிட்டத்தட்ட நாலரைக் கிலோமீற்றர். 2013இல் ஜொஹான் கிளாரே என்ற பிரெஞ்சு வீரர் அதில் மணிக்கு 161.9 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். ஓரிடத்தில் வீரர்கள் ரயில் பாதைக்குக் கீழே உள்ள ஒடுக்கமான வழியால் நுழைந்து போவார்கள். நாங்கள் காலையில் இருந்து வந்த அதே ரயிலின் பாதைதான் அது. பந்தயம் இல்லாத நாட்களில் அந்த மலையில் நாங்களும் ஓடலாம், எங்கள் வேகத்தில்.

எதிரே நிற்கும் மியூரனும் லேசான ஊரில்லை. ஆர்னல்ட் லன் என்ற ஆங்கிலேயர் 1922இல் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் இன்றைய ஸ்லாலொம் பந்தயத்துக்கு வடிவம் கொடுத்தது அங்கே. 1931இல் அல்பைன் ஸ்கீயின் முதல் உலகப் போட்டி நடந்ததும் அங்கேதான்.

குறையையும் சொல்ல வேண்டும். வெங்கன் 1,274 மீற்றர்தான். மழை பெய்து பனி கரைந்து, புல் தெரியும் ஜனவரிகளை நானே பார்த்திருக்கிறேன். செயற்கைப் பனி இல்லாமல் இனிக் கீழ்ப்பகுதி தாங்காது. என் ஒஸ்திரிய நண்பர் இதைத்தான் பிடித்துக்கொண்டார், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ரயிலில் 2,061 மீற்றரில் உள்ள கிளைன ஷைடெக்குக்குப் போய்விட்டால் நிலைமை பரவாயில்லை, அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஆனாலும் என் வாக்கு மாறவில்லை. காரணம் மாமா.

எண்பதுகளில் சுவிஸுக்கு வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் ஹொட்டேல் குசினிகளில் நின்றவர்கள். மாமாவும் ஒரு மலை ஊரில் மூன்று குளிர்காலம் பாத்திரம் கழுவினார். விடிய முதல் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே. அந்த ஊரின் மலைக்கு மேலே அவர் ஒருநாளும் ஏறியதில்லை. போன பெப்ரவரியில் அவரையும் கிளைன ஷைடெக்குக்குக் கூட்டிப்போனோம். ஸ்கீ வேண்டாம், நடக்கவும் வேண்டாம், வீட்டுச் சப்பாத்தோடு ரயிலில் வந்து இறங்கினார். நாங்கள் ஓடிவிட்டு வரும்போது வெயிலில் ஐகர் மலைக்கு முன்னால் ஒரு மேசையில் இருந்தார், சூப் ஆறிப்போயிருந்தது. "இவ்வளவு கிட்டவா இருந்திருக்கு" என்றார். பிறகு கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

முதல் தரம் போக நினைப்பவர்களுக்கு: காரை லவுட்டர்புரூனன் நிலையத் தரிப்பிடத்தில் விடலாம், ஆனால் ஊரிலிருந்தே ரயிலில் போவது நல்லது. பிள்ளைகளுக்கு ஸ்கீயை வெங்கனிலேயே வாடகைக்கு எடுங்கள். முதல் நாள் மேலே போக அவசரப்பட வேண்டாம், ஊருக்கு நடுவில் உள்ள அந்தச் சரிவு போதும். அம்மா அப்பா கூட வர முடியும் என்றால், அவர்களையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.