90 தாமரைகளும் காணாமல் போன ஓவியமும்

இரண்டு வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு திருட்டு வழக்கு நடக்கிறது. மகளுக்குப் பதினொரு வயது. நான் இங்கிலீஷில் ஒரு பத்தி வாசித்துத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த பக்கத்துப் படத்தைத் துழாவிக்கொண்டிருப்பாள்.

புத்தகம், ப்ளூ பாலியட் எழுதி 2004-இல் வந்த ‘சேஸிங் வெர்மீர்’. வாஷிங்டனிலிருந்து சிகாகோவுக்குப் போகிற வழியில், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த கடிதம் எழுதும் பெண்ணின் ஓவியம் திருடு போகிறது. துப்புத் துலக்குகிறவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், பெட்ராவும் கால்டரும். பையனின் முழுப்பெயர் கால்டர் பிள்ளை. அப்பா இந்தியாவிலிருந்து போனவர். நாகர்கோவிலில் உட்கார்ந்து இந்தப் பெயரை வாசித்தால் ஒரு நிமிஷம் நிற்கத்தானே தோன்றும்!

ப்ரெட் ஹெல்க்விஸ்ட் வரைந்த படங்களிலேயே ஒரு புதிர் இருக்கிறது. ஐந்தைந்து சதுரங்கள் சேர்ந்த பென்டோமினோ துண்டுகளை அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார். தேடிக் கோத்தால் ஒரு ரகசியச் செய்தி கிடைக்கும். கதையில் வரும் திருடன் கேட்பதும் பணம் இல்லை. வெர்மீர் பெயரில் மாட்டியிருக்கும் சில ஓவியங்கள் அவருடையவை இல்லை, நீங்களே போய் உற்றுப் பாருங்கள் என்கிறான். கதை வந்து 18 வருஷம் கழித்து, 2022-இல், அந்த ஓவியத்தை வைத்திருக்கும் அதே வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், தன்னிடமுள்ள ‘புல்லாங்குழலுடன் பெண்’ வெர்மீர் வரைந்ததில்லை என்று அறிவித்தது. இதைச் சொன்னதும் மகள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். பூமுகத்தின், அதாவது முகப்பு மண்டபத்தின், மர மச்சில் 90 தாமரைகள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பார்கள். நான் அஞ்சாம் வகுப்பில் வரிசையில் வந்து, ராஜா பெயரையும் வருஷத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டு வெளியேறியவன். மகள் கழுத்தை அண்ணாந்து நின்றுவிட்டாள்.

“அப்பா, அந்த மூலையில உள்ளதும் இதுவும் ஒண்ணுதான்.”

“நல்லா பாரு மக்களே.”

குதிரை விளக்குப் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், விரல் விட்டு இதழ் எண்ணினாள். “இல்லப்பா, இதுல நுனி மடங்கியிருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “இதைச் செதுக்கின ஆசாரிக்க பேரு என்ன?”

ஒரு துப்பறியும் நாவலுக்கு இந்தக் கேள்வி போதாதா? தமிழில் கலை பற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புத்தகங்களில் பெரும்பாலும் பதில்கள்தான் இருக்கின்றன. குலசேகரம் பக்கம் திருநந்திக்கரைக் குகைக்கோயிலில் ஒரு காலத்தில் சுவர் நிறைய ஓவியம் இருந்தது. இன்று சில கோடுகளும் மங்கிய நிறமும்தான் மிச்சம். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அது யாருடைய கண், யாருடைய தோள் என்று இரண்டு பிள்ளைகள் தேடிப் போகிற கதையை நம்மில் யாராவது எழுத வேண்டும். படம் வரைகிறவர் அந்தப் பாறைக்கு முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைய வேண்டும். இணையத்தில் எடுத்து ஒட்டுகிற படம் வேண்டாம். அப்படி வரையக்கூடியவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

மகள் நோட்டில் ஏழு தாமரை வரைந்திருக்கிறாள். இன்னும் 83 இருக்கிறது. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அதனால் இந்த ஞாயிறே மறுபடி போகிறோம்.